அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை

இன்று காலை அக்காவை முடிச்சூர் ரோட்டில் ஒரு புது டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

மூன்று வருடமாக அவளுக்கு அசதி, உடம்பு வலி, முடி கொட்டுகிறது. ஏற்கெனவே பிசிஓடி, அதாவது சினைப்பை நீர்க்கட்டி, இருப்பதால் அதுதான் காரணம் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். "வெயிட்டைக் குறைச்சா எல்லாம் சரியாயிடும்க்கா. சும்மா டெஸ்ட் டெஸ்ட்னு அலையாத."

நான் என்ஜினியர். ஆபீசில், ஒரு தப்பைக் கண்டுபிடித்ததும் தேடுவதை நிறுத்தும் ஜூனியர்களை நான் கிழித்துத் தொங்கவிடுவேன்.

அக்கா தானே போய் எடுத்துவைத்திருந்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை டாக்டர் பார்த்தார். "இது ஆட்டோஇம்யூன் தைராய்டும்மா. உடம்பே தைராய்டைத் தாக்குது. பிசிஓடி இருக்கறவங்ககிட்ட இதைக் கொஞ்சம் அதிகமாவே பார்க்கறோம். ஏன்னு இன்னும் முழுசா தெரியல. எல்லாமே பிசிஓடிதான்னு யார் சொன்னது?"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"நெட்ல படிச்சேன் மேடம்."

வெளியே வந்ததும் கேட்டேன். "நான்தான்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா அவங்களோடயும் வாதாடுவ. உட்கார்ந்து கேக்க எனக்குத் தெம்பு இல்லடா."

வண்டியை எடுத்து வந்து அவள் பக்கத்தில் நிறுத்தினேன்.

உங்கள் வீட்டிலும் மருத்துவம் படிக்காமலே டாக்டரான என்ஜினியர் யாராவது இருந்தால் கமெண்டில் கூட்டி வாருங்கள். இன்று நான் வாதாட மாட்டேன்.