அஷ்டமி, நவமி, அட்மிஷன்

எங்கள் வீட்டில் தினசரி காலண்டர் கிழிப்பது அப்பாவின் வேலை. மேற்கு மாம்பலத்தில், பக்கத்து வீட்டு மிக்ஸி நம் வீட்டுச் சமையலறையில் ஓடுவது போலக் கேட்கும் ஒரு ஃப்ளாட். காலையில் காபிக்கு முன் அப்பா ஹாலுக்கு வந்து நேற்றைய தாளைக் கிழித்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்றைய தாளைப் படிப்பார். திதி, நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம், யாருக்குச் சந்திராஷ்டமம், எல்லாவற்றையும் அம்மாவுக்கு அறிவிப்பார். அம்மா அதன்படி நாளை நடத்துவாள். அந்தக் காலண்டரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் பல் டாக்டர். மயிலாப்பூரில் ஒரு கிளினிக்கில் ஜூனியராக இருந்தேன். அதற்கு முன், ஹவுஸ் சர்ஜனாக இருந்த வருஷம், பட்டினப்பாக்கம் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தில் எங்கள் கல்லூரி சார்பில் பல் முகாம் போட்டோம். ஷாமியானா, பேனர், இலவச டூத் பேஸ்ட், கடைசியில் குரூப் போட்டோ. மீன் விற்கும் ஒரு அம்மாவின் கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைத் திட்டு பார்த்தேன். வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். பேஸ்ட்டையும் சீட்டையும் வாங்கிக்கொண்டு போனார். அதன் பிறகு அவர் ஆஸ்பத்திரிக்குப் போனாரா, போய் என்ன ஆயிற்று என்று கேட்பது யாருடைய வேலையாகவும் இல்லை. எத்தனை வாய் பார்த்தோம் என்பதுதான் கல்லூரிக்கு வேண்டியிருந்தது.

இரண்டு வருஷம் கழித்து அதே அம்மா மயிலாப்பூர் கிளினிக்குக்கு மகளோடு வந்தார். வாயைத் திறக்க முடியவில்லை. திட்டு இருந்த இடத்தில் புற்றுநோய்ப் புண். என்னை அடையாளம் தெரிந்து, "நீதானம்மா அன்னிக்கு பேஸ்ட்டு குட்த்த?" என்றார். சீட்டு எழுதிக் கொடுத்தது அவருக்கு ஞாபகமே இல்லை. பேஸ்ட் ஞாபகம் இருந்தது. அன்று மத்தியானம் கிளினிக்கின் பின்னால் நின்று ஷாமியானா போட்டவனிலிருந்து டீன் வரை எல்லோரையும் திட்டித் தீர்த்தேன்.

எம்.பி.எச். படிப்பது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். பொது சுகாதாரத்தில் முதுகலைப் படிப்பு. மனசு இளகி இந்தப் படிப்புக்கு வருகிறவர்கள் இருப்பார்கள். என்னைத் தள்ளிக்கொண்டு வந்தது ஆத்திரம். அடையாறில் ஒரு நிறுவனத்தில் இரண்டு வருஷப் படிப்பு இருந்தது. அதில் ஒரு வருஷம் முழுக்க இந்தக் கடற்கரைக் குப்பங்களில்தான் வேலை. முகாமில் கண்டுபிடித்த ஆளைச் சிகிச்சை முடியும்வரை விடாமல் பின்தொடர்வதை அங்கே பாடமாகவே வைத்திருந்தார்கள். எனக்கு அது வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

வீட்டில் சொன்னேன்.

"பல் டாக்டருக்குப் படிச்சுட்டு கொசு மருந்து அடிக்கப் போறியா?" என்றார் அப்பா.

"மாப்பிள்ளை வீட்டுல என்ன படிப்புன்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது?" என்றாள் அம்மா.

ஒரு மாதம் இதே பேச்சு. டெங்கு வந்து மாடி வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் படுத்தபோது, கார்ப்பரேஷன்காரன் கொசு மருந்து அடிக்க வரவில்லை என்று தெருவே கேட்கக் கத்தியவர் இதே அப்பாதான். அதை எடுத்துச் சொன்னால் "அது வேற" என்பார். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். இந்தப் படிப்புதான் வேண்டும் என்றால் வெளிநாட்டில் படிக்க வேண்டும், வெளிநாடு என்று சொன்னால் எந்தப் படிப்பும் எடுபடும். சரி, இரண்டுக்கும் போடுகிறேன் என்றேன்.

வெளிநாட்டுக்கு அனுப்புகிற கன்சல்டன்சி ஒன்றை அப்பாவே தி.நகரில் பிடித்தார். ஏசி அறை, சுவர் முழுக்கக் கொடிகள், டை கட்டிய ஓர் இளைஞன். அவனுக்குப் பெயர் கவுன்சிலர். ஏன் இந்தப் படிப்பு என்று நான் எழுதிக் கொண்டுபோன கட்டுரையைப் படித்தான். அந்த மீன் விற்கும் அம்மாவைப் பற்றித்தான் எழுதியிருந்தேன். அறுவை சிகிச்சை முடிந்து அவர் தேறிக்கொண்டிருந்த நேரம் அது.

"ரொம்ப டிரையா இருக்கு மேடம். அந்தம்மா பொழச்சுக்கிட்டது ஸ்டோரிக்கு செட் ஆகல. எக்ஸ்பயர் ஆயிட்டாங்கன்னு போட்டுடலாமா? கமிட்டிக்கு டச்சிங்கா இருக்கும்."

"அவங்க உயிரோட இருக்காங்க."

"தெரியும் மேடம். லண்டன்லேர்ந்து வந்து எட்டிப் பாக்கப் போறாங்களா?"

அவன் மேஜைமேல் இருந்த பிளாஸ்டிக் பூந்தொட்டியை எடுத்து அவன் தலையிலேயே கவிழ்க்கலாம் போலிருந்தது. அப்படி ஒரு வார்த்தை போட்டால் இந்த விண்ணப்பமே வேண்டாம் என்றேன். "ஓகே மேடம், கூல், கூல்" என்றான். அங்கெல்லாம் விண்ணப்பத்தின் பாஸ்வேர்ட் அவர்கள் கையில்தான் இருக்கும். நாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து காத்திருக்க வேண்டியதுதான்.

அடையாறு விண்ணப்பத்தை நானே எழுதி நானே அனுப்பினேன். சிபாரிசுக் கடிதம் கேட்டு என் பழைய பேராசிரியரிடம் போனேன். "நீயே எழுதிட்டு வாம்மா, சைன் போட்டுடறேன்" என்றார். நான் எவ்வளவு பொறுமைசாலி, எவ்வளவு அடக்கமானவள் என்று நானே உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன். படிக்காமல் போட்டார் கையெழுத்து.

இரண்டு இடத்திலும் சீட் கிடைத்தது. வெளிநாட்டுக் கடிதம் வந்ததும் அப்பா எங்கள் பிளாக் முழுக்க மைசூர்பா கொடுத்தார். அடையாறு மெயில் வந்தபோது டிவியை நிறுத்தக்கூட இல்லை. அந்த வாரத்துக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் போய்ச் சேர வேண்டும் என்று அதில் இருந்தது. சான்றிதழ்கள் பீரோவில், நகைகளோடு இருந்தன. சாவி அப்பாவிடம். கல்யாணம் ஆகும்வரை பெண்ணின் சர்டிபிகேட்டும் எங்கள் வீட்டில் நகை மாதிரித்தான்.

யோசிக்க வேண்டும் என்றார். யோசித்தார். வாரம் முடியப்போகிற சமயத்தில் ஒருநாள் காலை, காலண்டரைக் கிழித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "சரி, உன் இஷ்டம். அடையாறுலயே சேந்துக்கோ" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஆனா இன்னைக்கு அஷ்டமி. நாளைக்கு நவமி. தசமி அன்னைக்கு நானே கூட வரேன்."

"நாளைக்குத்தான்பா கடைசி நாள்."

"ஆபீசுக்கு போன் பண்ணி கேட்டுட்டேன். ஒரு நாள் தள்ளி வந்தா பரவாயில்லையாம்."

"நல்ல காரியத்தைப் போய் யாராவது நவமியில ஆரம்பிப்பாங்களா?" என்று அம்மாவும் சேர்ந்துகொண்டாள்.

முதல் தடவையாகச் சரி என்று சொன்ன மனிதரைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவில்லை.

தசமி அன்று அப்பா இஸ்திரி போட்ட சட்டையில், நெற்றியில் விபூதியும் கையில் சான்றிதழ் ஃபைலுமாகக் கிளம்பினார். தெருமுனைப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் போட்டுவிட்டு ஆட்டோவில் அடையாறு போனோம். ஆபீஸில் இருந்த பெண்மணி கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நேத்து சாயங்காலத்தோட முடிஞ்சு போச்சேம்மா. வெயிட்டிங் லிஸ்ட்ல அடுத்தவங்களுக்குக் கொடுத்துட்டோம்."

"போன்ல கேட்டப்போ ஒரு நாள் தள்ளி வரலாம்னு சொன்னாங்களாமே?"

"இங்க போன் எடுக்கறது நான்தான். என்கிட்ட யாரும் கேக்கலையே."

திரும்பி அப்பாவைப் பார்த்தேன். நோட்டீஸ் போர்டில் ஏதோ படித்துக்கொண்டிருந்தார். "யாரோ ஒரு ஆம்பளைதான் எடுத்தாரு" என்றார் போர்டைப் பார்த்தபடியே. வெளியே வந்ததும், "சரி விடும்மா. இப்படியே தி.நகர் போயிடலாம். அங்க நீ ஒரு கையெழுத்து போடணும்" என்றார். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன்.

தி.நகரில் அவர் ஆட்டோக்காரரோடு பேரம் பேசிக்கொண்டு நிற்க, நான் முன்னால் மாடி ஏறினேன். டை கட்டியவன் எழுந்து நின்று கை கொடுத்தான்.

"கங்கிராட்ஸ் மேடம்! சார் முந்தாநாளே வந்து டெபாசிட் கட்டிட்டாரே. சீட் கன்ஃபர்ம்."

முந்தாநாள் அஷ்டமி.

நான் நின்ற நிலையைப் பார்த்துச் சந்தோஷத்தில் உறைந்துவிட்டேன் என்று நினைத்தானோ என்னவோ, மானிட்டரை என் பக்கம் திருப்பினான். "பாருங்க, இந்த டெத் பாராதான் மேடம் வொர்க் அவுட் ஆச்சு." அந்த அம்மா என் கையைப் பிடித்தபடியே உயிரை விட்டார் என்று ஆங்கிலத்தில், என் பெயரில், அழகாக எழுதியிருந்தது.

அப்பா மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

"நீ அஷ்டமியில வந்து பணம் கட்டினியா?" என்றேன். அப்பாவை நான் 'நீ' என்று சொன்னது அதுவே முதல் தடவை.

"உன் நல்லதுக்குத்தாம்மா..."

"எனக்கு அஷ்டமி. உனக்கு இல்லையா?"

"சத்தம் போடாதே. எல்லாரும் பாக்கறாங்க."

பார்க்கட்டும் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். ஃபைலோடு காத்திருந்த பிள்ளைகளும் அவர்களுடைய அப்பாக்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். டை கட்டியவனுக்கும் அவன் பங்கைக் கொடுத்தேன். பிறகு படியிறங்கி, ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் பையும் தோளுமாக இடிபட்டு, மாம்பலம் ஸ்டேஷன் பாலம் ஏறி இறங்கி வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் மனசுக்குள் கத்திக்கொண்டே போனேன். வேண்டாம் என்று நேராகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், தோற்றிருந்தாலும் தாங்கியிருப்பேன். இந்த மனிதர் சாமியை முன்னால் நிறுத்திவிட்டு அதன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். சிதறுகாய் வேறு போட்டார்!

அன்று சாயங்காலமே வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மெயில் அனுப்பினேன். என் கட்டுரையில் ஒரு பாரா பொய், அந்த அம்மா உயிரோடு இருக்கிறார், சீட் வேண்டாம். அம்மா அழுதாள். அப்பா சாப்பிடாமல் படுத்தார். பீரோ சாவி அன்றைக்கு டைனிங் டேபிள்மேல் இருந்தது. சான்றிதழ்களை எடுத்துக்கொண்டுபோய்க் கிளினிக் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அடுத்த முறை செக்கப்புக்கு வந்தபோது அந்த அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவருக்கு வாய் பாதிதான் திறக்கும். அந்தப் பாதி வாயிலேயே வெடித்தார்.

"இன்னாது? உயிரோட குந்திக்கினு கீற என்ன சாவடிச்சிட்டானா? எந்தப் பேமானிம்மா அவன்? அட்ரஸ் குடு, நான் போய் நிக்கிறேன் அவன் எதிர்ல!"

அட்ரஸ் கொடுக்க எனக்கு ஆசைதான். சீனியர் டாக்டர் முறைத்ததால் விட்டுவிட்டேன். ஆனால் மாதக்கணக்கில் என்னோடு சேர்ந்து கோபப்பட்ட ஒரே ஆள் அவர்தான். மற்ற எல்லோரும், அப்பா என்னம்மா கெடுதலா பண்ணிட்டார் என்றார்கள்.

வீட்டில் அப்பாவோடு நான் பேசவில்லை. அம்மா நடுவில் நின்று தபால் சேவை செய்தாள். காலையில் அவர் காலண்டர் கிழிக்கிற சத்தம் கேட்டால் தலையணையைக் காதில் அழுத்திக்கொள்வேன். அதே அடையாறு நிறுவனத்துக்கு மறுபடி விண்ணப்பித்தேன், மறுபடி அதே பேராசிரியருக்காக என்னையே புகழ்ந்து எழுதினேன். நேர்முகத்தில், போன வருஷம் கிடைத்த சீட்டை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார்கள். "அஷ்டமி, நவமி" என்றேன். ஒருவர் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

சீட் வந்தது. சான்றிதழ் கொடுக்க இந்த முறை ஒரே ஒரு நாள்தான், அதையும் அவர்களே குறித்துவிட்டார்கள். என்ன திதி என்று நான் பார்க்கவில்லை. அமாவாசையோ கரிநாளோ, போவது போவதுதான். காலையில் செருப்பு மாட்டும்போது அம்மா சமையலறையிலிருந்து பதற்றமாக வந்தாள்.

"நவமி கிவமியா இருக்கப் போறதுடி. ஏங்க, இன்னைக்கு என்ன திதி?"

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தசமி. தாராளமா போகலாம்" என்றார். அம்மா ஹாலுக்குப் போய்க் காலண்டரைப் பார்த்துவிட்டு, நிம்மதியாக ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அடையாறில் அதே பெண்மணி. அசல்களை வாங்கிச் சரிபார்த்து, தேதி முத்திரை குத்தி ரசீது கொடுத்தார். சேர்ந்துவிட்டேன். வெளியே வந்து மரத்தடியில் நின்று ரசீதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து ஹாலில் பையை வைக்கும்போதுதான் காலண்டர் கண்ணில் பட்டது. நாளைய தேதி. தசமி. ஒரு தாள் அதிகமாகக் கிழிந்திருந்தது. இன்றைய தாள் டிவிக்குப் பின்னால், நாலாக மடித்துச் செருகியிருந்தது. எடுத்துப் பிரித்தேன். நவமி.

அப்பா சோபாவில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். தாளை அவர் முன்னால் நீட்டினேன்.

"வேகமா கிழிச்சேனா, ரெண்டு சேந்து வந்துடுச்சு" என்றார்.

கோபம் அதோடு தீர்ந்துவிட்டது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். என் முழு வருஷம் ஒன்று போயிருக்கிறது. அந்த ஒரு வருஷத்தில் குப்பத்தில் இன்னும் எத்தனை பேர் சீட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்களோ, யார் கேட்டார்கள்?

"போன வருஷமே இப்படி ரெண்டா கிழிச்சிருக்கலாமேப்பா" என்றேன்.

அப்பா ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினார்.