வேறு ஃபோல்

மோர்னிங்சைட்டில் நாங்கள் வசிக்கும் அடுக்குமாடியில் எங்கள் வீட்டுக்கு எதிர்க்கதவு அங்கிளுடையது. மனைவி இறந்தபின் அவர் அங்கே தனியாகவே இருந்தார். குளிர் தொடங்குமுன் அவருடைய வீட்டை ஆயத்தப்படுத்தித் தரும்படி என்னிடம் கேட்டவர், பக்கத்து நகரான அஜக்ஸிலிருந்து வந்துபோகும் அவருடைய மகள். நான் அக்கா என்று அழைப்பவர். இலக்கியம் படிக்கப்போகிறேன் என்று நான் சொன்னபோது எங்கள் வீட்டில் எனக்காகப் பேசிய ஒரே ஆளும் அவர்தான்.

"ஒரு நேர்ஸ் வந்து வீட்டையும் அப்பாவையும் பாப்பா. அப்பா தனிய இருக்கலாம் எண்டு அவ சொன்னால் இங்கையே இருக்கட்டும். இல்லாட்டி முதியோர் இல்லம்தான்," என்றார்.

அங்கிளுக்கு அந்த வீடு வேண்டும். ஆகவே சனிக்கிழமைகளில் அவரும் நானுமாக வேலை செய்தோம். வழுக்காத சப்பாத்து வாங்கினோம். தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்தோம். கம்பளிச் சட்டைகளைத் துவைத்து மடித்தேன். காற்றுப் புகாதபடி ஜன்னல்களுக்குப் பிளாஸ்ரிக் ஒட்டி, ஹெயார் ட்ரையரால் சூடுகாட்டி இறுக்கினேன்.

"உதும் யூனிவர்சிற்றியிலை படிப்பிக்கினமோ பிள்ளை?"

"இல்லை அங்கிள், யூரியூப்பிலை பாத்தனான்."

"அப்ப காசு கட்டிப் படிக்கிறது என்னத்துக்கு?"

இலையுதிர் காலம் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. லிஃப்ற்றில் ஏறுகிற எல்லோரிடமும், "ஃபோலுக்கு நான் ரெடி," என்பார்.

நேர்ஸ் வந்த அன்று அக்காவும் வந்து அங்கிளுக்குப் பக்கத்தில் இருந்தார். நான் பல்கனியில் நின்று, மிளகாய்ச் செடிச் சாடிகளை உள்ளே எடுப்பதற்காகத் துடைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே வந்தபோது நேர்ஸ் புறப்பட்டுப் போயிருந்தார். அங்கிளின் முகம் மலர்ந்திருந்தது.

"எல்லாம் இங்கிலிஸிலையே கதைச்சனான். 'எனி ஃபோல்?' எண்டு கேட்டவ. 'யெஸ், யெஸ், எவ்ரி இயர்' எண்டன். பிறகு இவளைப் பாத்தவ. இவளும் ஓம் எண்டு தலையாட்டினவள்."

நேர்ஸ் கேட்டது பருவத்தைப் பற்றியல்ல. அங்கிள் எங்காவது விழுந்தாரா என்றுதான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அங்கிள் ஒருநாளும் விழுந்தவரல்லர். இங்கேயே பள்ளிக்கூடம் போய் வளர்ந்த அக்காவுக்கு அது விளங்காமல் இருந்திருக்க முடியாது.

அக்கா புறப்பட்டபோது லிஃப்ற் வாசலில் அவரைப் பிடித்தேன்.

"அக்கா, அவர் ஃபோல் எண்டு விளங்கினது..."

"தெரியும். அவ கேட்ட வேகத்திலை நானும் தலையாட்டிப்போட்டன். நாளைக்கு நேர்ஸுக்குக் கோல் எடுத்துச் சொல்லுறன். நீ அப்பாவிட்டைச் சொல்லி அவரை வெக்கப்படுத்தாதை."

அதை அன்பு என்று எடுத்துக்கொண்டேன். சொல்லாமலே இருந்தேன்.

ஒக்ரோபரில் ஒரு பிற்பகல் எதிர்க்கதவு திறந்து கிடந்தது. கட்டிலில் பெட்டி. முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்துவிட்டதாம். அக்கா கம்பளிச் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"கோல் எடுத்தனீங்களோ?" என்று தாழ்ந்த குரலில் கேட்டேன்.

"நீ படிக்கிற பிள்ளை. உது உனக்கு விளங்காது."

'உது' என்பது கேட்பவருக்கு அருகில் இருப்பதைச் சுட்டும் சொல். அது எனக்கு அருகில்தான் இருந்தது. அவர் எடுத்து வைத்த ஒவ்வொரு சட்டையும் நான் மடித்தது. பெட்டிக்குள் அளவாகப் பொருந்தும்படியே மடித்திருந்தேன்.

அங்கிள் ஜன்னலருகே நின்று பிளாஸ்ரிக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் மேளத்தோல்போல் இறுகியிருந்தது.

"காத்து ஒண்டும் வரேல்லையே, பிள்ளை. எங்கை பிழை விட்டனாங்கள்?"

"நாங்கள் பிழை விடேல்லை அங்கிள். நேர்ஸ் கேட்டது வேற ஃபோல். நீங்கள் விழுந்தனீங்களோ எண்டு கேட்டவ."

அவர் சிரித்தார்.

"சும்மா போ பிள்ளை. அப்பிடியெண்டால் இவள் சொல்லியிருப்பாளே. பக்கத்திலைதானே இருந்தவள்."

அக்கா நிமிரவில்லை. பெட்டியின் சிப் பாதியில் சிக்கிக்கொண்டது. அதைப் பின்னுக்கு இழுத்து மறுபடி முன்னுக்கு இழுத்தார். சிரித்த முகம் அப்படியே நிற்க, அங்கிள் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.