பார்ட் த்ரீ மட்டும்

நான் பி.எஸ்ஸி. இயற்பியலில் ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கிவிட்டதாக எங்கள் சபையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆயர் அறிவித்தார். நான் வாங்கவில்லை. அது எனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா அதை ஏற்றுக்கொள்ளவில்லை என்பதுதான் பிரச்சினை. ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரின் மேல் ‘மகள் முதல் வகுப்பில் தேறியதற்காக’ என்று எழுதிப் போட்டவளே அவள்தான். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் ஆளாளுக்குக் கை கொடுக்கிறார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

இதை விளக்கினால்தான் என் கடுப்பு புரியும். எங்கள் பல்கலைக்கழகத்தில் டிகிரி மார்க்கைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பார்ட் ஒன் என்றால் தமிழ். பார்ட் டூ ஆங்கிலம். பார்ட் த்ரீ என்பது எடுத்த பாடமும் அதற்குத் துணைப்பாடங்களும்; எனக்கு அது இயற்பியல், கணக்கு, வேதியியல். ஃபர்ஸ்ட் கிளாஸா என்பதற்கும், எம்.எஸ்ஸி. சேர்வதற்கும் பார்ட் த்ரீயை மட்டும்தான் பார்ப்பார்கள். தமிழில் தலைகீழாக நின்று மார்க் வாங்கியிருந்தாலும் அதைச் சீந்த ஆள் கிடையாது. எனக்குப் பார்ட் த்ரீயில் ஐம்பத்து மூன்று சதவீதம். தமிழில் தொண்ணூறுக்கு மேல்.

அம்மா சிட்லபாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியை. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை எடுக்கிறாள். ரிசல்ட் வந்த அன்று செல்போனில் கால்குலேட்டரைத் திறந்து, தமிழ், ஆங்கிலம், இயற்பியல் என்று ஒன்று விடாமல் கூட்டி, வகுத்து, அறுபத்தொன்று என்றாள்.

“அறுபதுக்கு மேல போனா ஃபர்ஸ்ட் கிளாஸ்தானே?”

“அப்படிக் கூட்டக் கூடாதும்மா. பார்ட் த்ரீ தனி.”

“ஏன், தமிழை என்ன காலேஜுக்கு வெளியில வச்சா நடத்துனாங்க? நீதானே எழுதுன? டிகிரின்னா எல்லாம் சேர்ந்ததுதான் டிகிரி.”

பிளஸ் டூவிலேயே கட் ஆஃபில் தமிழைச் சேர்ப்பதில்லை என்று வருஷா வருஷம் பொருமுகிறவள் அவள். டிகிரியிலாவது நியாயம் கிடைத்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டாள். அவளிடம் அதற்கு மேல் பேசுவது சுவரில் முட்டிக்கொள்வதுதான்.

நான் படிக்காமல் ஊர் சுற்றியதால் மார்க் குறையவில்லை. அப்படியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். லேபில் நான் நன்றாகச் செய்வேன். இருட்டறையில் சோடியம் விளக்கைப் போட்டு, ஸ்பெக்ட்ரோமீட்டரின் குழல் வழியே அந்த மஞ்சள் கோட்டைப் பிடிக்க முடியாதவர்கள் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கோடு மங்கலாக ஆரம்பித்து, திருகைக் கொஞ்சம் திருப்பியதும் பளிச்சென்று நிற்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது சந்தோஷம். ஆனால் பரீட்சையில் சமன்பாட்டை வரிவரியாக எழுதிக்கொண்டு போனால், பாதியில் ஒரு மைனஸ் குறி காணாமல் போய்விடும். கணித இயற்பியல் தாளில் ஒரு முறை அரியர் வைத்து, திரும்ப எழுதித்தான் தேறினேன். எனக்கு இயற்பியலைப் பிடிக்கும். அதற்குத்தான் என்னைப் பிடிக்கவில்லை.

அப்பா அதிகம் பேச மாட்டார். “இந்த வருஷம் சீட் கிடைக்கலைன்னா பேசாம பி.எட். போட்டுடலாம்,” என்று மட்டும் சொல்லிவிட்டார். அவர் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதுதான். நான் வாத்தியார் வேலையைக் கேவலமாக நினைக்கவில்லை. அம்மா ஒவ்வொரு நாள் சாயங்காலமும் தொண்டை கட்டிப்போய் வந்து விழுவதைப் பார்த்து வளர்ந்தவள். எனக்கு அது வேண்டாம். அந்த இருட்டறை வேண்டும். அவ்வளவுதான்.

அதனால் அலைந்தேன். தாம்பரத்திலிருந்து ரயிலிலும் பஸ்ஸிலும் எத்தனை கல்லூரி வாசல் ஏறினேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. எல்லா ஆபீஸிலும் ஒரே வசனம்: “பார்ட் த்ரீ மட்டும் சொல்லும்மா.” சொன்னதும் பேனாவை மூடிவிடுவார்கள். பல்லாவரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரிக்குப் போன நாள், எனக்கென்றே பார்த்து வெள்ளிக்கிழமையாக அமைந்தது. வாரச் சந்தைக் கூட்டத்தில் பஸ் நகரவில்லை. இறங்கி, பழைய மிக்ஸி, உடைந்த நாற்காலி, கூண்டில் கத்தும் கிளிகள் எல்லாவற்றையும் தாண்டி வேர்க்க விறுவிறுக்கப் போய்ச் சேர்ந்தால், ஐம்பத்தைந்துக்குக் கீழ் விண்ணப்பமே தருவதில்லை என்றார்கள். இதை வெப்சைட்டில் போட்டால் என்ன குறைந்துவிடும்? பொத்தேரி பக்கம் ஓரிடத்தில் சீட் இருந்தது. அவர்கள் கேட்ட ஃபீஸைச் சொன்னபோது அப்பா டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

நான் அங்கே இங்கே அலைந்துகொண்டிருக்க, சபையில் எனக்காக எல்லோரும் கொதித்துக்கொண்டிருந்தார்கள். ஃபர்ஸ்ட் கிளாஸ் வாங்கிய பிள்ளைக்குச் சீட் இல்லையாமே, என்ன அநியாயம்! ஞாயிற்றுக்கிழமைதோறும் இதே பேச்சு. அம்மா ஒரு வார்த்தை மறுத்துச் சொல்ல வேண்டுமே, சொல்ல மாட்டாள். கடைசியில் கமிட்டி அங்கிள் ஒருவர் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். ரிட்டையர் ஆனவர், நேரம் நிறைய இருக்கிறது. கிழக்குத் தாம்பரத்தில் நான் இன்டர்வியூவுக்குக் காத்திருந்த கல்லூரியில் துறைத் தலைவர் மேடத்தை அவருக்குத் தெரியுமாம். “நீ கவலைப்படாத மா, நான் பேசிட்டேன்,” என்று போனில் சொன்னார். என்ன பேசினார் என்று கேட்கத் தோன்றவில்லை.

இன்டர்வியூ அன்று கல்லூரி வாசலில் வாட்ச்மேனே என்னை அடையாளம் கண்டுகொண்டார். “இன்னாமா, நீ டெய்லி வந்துகினு கீற?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உள்ளே மேடமும் இன்னும் இரண்டு பேராசிரியர்களும் இருந்தார்கள். மேடம் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி என்னைப் பார்த்தார்.

“ஒரு சர்ச் அங்கிள் வந்து, ஃபர்ஸ்ட் கிளாஸ் பொண்ணு, ஃபர்ஸ்ட் கிளாஸ் பொண்ணுன்னு அரைமணி நேரம் பேசிட்டுப் போனாரே, அது நீயா?”

“ஆமா மேடம்.”

“இங்க ஐம்பத்து மூணுன்னு போட்டிருக்கே.”

காது சுட்டது. பூசி மெழுக ஒன்றும் இல்லை. “அம்மா தமிழ் மார்க்கையும் சேர்த்துக் கூட்டிட்டாங்க மேடம்,” என்றேன். பேராசிரியர்களில் ஒருவர் இருமுவதுபோல் திரும்பிச் சிரித்தார். அங்கிளை நினைத்து ஆத்திரம் வந்தது. அம்மாவை நினைத்து அதைவிட.

பிறகு பாடத்தில் கேட்டார்கள். இரண்டு கேள்விக்கு முழித்தேன். லேபில் எது பிடிக்கும் என்று கேட்டபோது மட்டும் வாய் திறந்தது. ஸ்பெக்ட்ரோமீட்டரை எப்படிச் சரிசெய்வேன், எங்கே எல்லோரும் தப்பு செய்வார்கள் என்று அவர்கள் கேட்காததையும் சொல்லிக்கொண்டே போனேன். மேடம் நிறுத்தச் சொல்லவில்லை. கடைசியில், “பாக்கலாம். வெயிட்டிங் லிஸ்ட்ல போடுறேன்,” என்றார். நம் ஊரில் பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா எட்டாம் வகுப்பு விடைத்தாள் கட்டை மடியில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, “ஃபர்ஸ்ட் கிளாஸ்னு சொன்னியா?” என்றாள்.

எனக்குள் ஏதோ பட்டென்று அறுந்தது. “ஃபர்ஸ்ட் கிளாஸ் இல்லம்மா! இல்ல, இல்ல, இல்ல! உன்னாலதான் அங்க உக்காந்து அசிங்கப்பட்டேன். தமிழ் மார்க்கு எவனுக்கும் வேணாம். அது செல்லாது. ஐம்பத்து மூணு. ஒரு தடவை சொல்லு பாப்போம். ஐம்பத்து மூணு!”

அவள் சொல்லவில்லை. சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள்.

“அப்போ ஒண்ணாங் கிளாஸ்லேர்ந்து உன்னைப் பக்கத்துல உக்கார வச்சு நான் சொல்லிக் குடுத்தது எதுவும் கணக்குல வராதா?”

“வராது,” என்றேன். அதுதானே உண்மை? அவள் பேனாவைத் திறந்து அடுத்த தாளை எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து வீட்டில் மார்க் பேச்சே எழவில்லை. அப்பா பி.எட். கல்லூரிகளைப் பற்றி யார் யாரிடமோ போனில் விசாரிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு போனும் என் தலையில் ஆணி அடிப்பதுபோல் இருந்தது.

எம்.எஸ்ஸி. சேர்க்கை முடிய இன்னும் இரண்டொரு நாள்தான் என்றிருந்தபோது, நான் குளித்துக்கொண்டிருக்கையில் ஹாலில் என் போன் அடித்தது. அம்மா எடுத்தாள். கீழே மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் பாதிதான் கேட்டது.

“ஹலோ... ஆமா சார், அவ அம்மாதான் பேசுறேன். எம்.எஸ்ஸி.யா? வெயிட்டிங் லிஸ்ட்லேர்ந்தா?” கொஞ்சம் இடைவெளி. “ஓஹோ, அதே பேர்ல இன்னொரு பொண்ணும் இருக்கா? இனிஷியலும் அதேவா? மார்க் சொல்லணுமா?”

இவள் அறுபத்தொன்று என்று சொல்லப் போகிறாள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அறுபத்தொன்று என்றதும் அவர்கள் அது நான் இல்லை என்று போனை வைத்துவிட்டு, என் பெயர் கொண்ட அந்த இன்னொருத்தியைக் கூப்பிடுவார்கள். இருந்த ஒரே வழியும் போகப்போகிறது. முகமெல்லாம் சோப்பு நுரையோடு, “அம்மா! அம்மா!” என்று கதவை உள்ளிருந்து தட்டினேன். மோட்டார் சத்தத்தில் என் குரல் எங்கே போய்ச் சேரும்?

அப்போது மோட்டார் நின்றது. வகுப்பில் சொல்வதெழுதுதல் சொல்லும் குரலில், ஒவ்வொரு சொல்லாக, அம்மா பேசுவது தெளிவாகக் கேட்டது.

“பார்ட் த்ரீதானே கேக்குறீங்க? ஐம்பத்து மூணு சார். ஆமா, நல்லாத் தெரியும். ஐம்பத்து மூணுதான்.”

கதவில் வைத்த கையை நான் எடுக்கவில்லை. சீட் கிடைத்துவிட்டது. இதைச் சொல்லு, சொல்லு என்றுதான் அன்று அவளிடம் கத்தினேன். சொன்னபோது என்னால் கேட்டுத் தாங்க முடியவில்லை. அவள் அதோடு விட்டிருக்கலாம்.

“தமிழ் சேர்க்காம, சார்,” என்றாள்.