எந்த டீம் என்று கேட்கக் கூடாது

திண்டிவனம் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பிசியோதெரபி கிளினிக் இருக்கிறது. தினமும் காலை ஒன்பது மணிக்கு அதன் ஷட்டரைத் தூக்குகிறவள் ஆரோக்கியசெல்வி. வயது நாற்பத்திரண்டு. பதிவேட்டில் அவள் வெறும் உதவியாளர். ஆனால் உள்ளே வருகிறவர்களில் பாதிப் பேர் டாக்டரைக் கேட்பதற்கு முன்னால், "செல்வியக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். அப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் கபடி ஆடுகிறவர்கள். அல்லது கபடி ஆடி எதையாவது உடைத்துக்கொண்டவர்கள்.

செல்வி பிறந்தது வானூருக்குப் பக்கத்தில் ஒரு காலனியில். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கி மகளைக் கல்லூரி வரைக்கும் அனுப்பினார்கள். கல்லூரியில் அவள் படித்ததைவிட ஓடியதுதான் அதிகம். எதிரணிக்குள் மூச்சை அடக்கிப் போய், தொட்டுவிட்டுத் திரும்புகிற ரைடர் அவள். இருபது வயதில், இந்த மாவட்டத்தில் அவளைப் பிடித்து நிறுத்த நாலைந்து பேர்தான் இருந்தார்கள்.

அந்த நாலைந்து பேரில் ஒருத்தி கெங்கம்மாள். மைதானத்தில் எல்லோருக்கும் அவள் கெங்கா. மயிலம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். மூலையில் நின்று கால் பிடிப்பாள். பிடித்தால் விடமாட்டாள்.

விழுப்புரத்தில் நடந்த ஒரு இறுதிப் போட்டியில் செல்வி வலது முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு இறங்கினாள். முதல்நாள் ஆட்டத்தில் லேசாகப் பிசகியிருந்தது. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது கெங்கா அதே முழங்காலைப் பிடித்தாள். மேலே நான்கு பேர் வந்து விழுந்தார்கள். உள்ளே ஏதோ அறுபட்ட சத்தம் செல்விக்கே கேட்டது. யாரோ இரண்டு பேர் அவளைத் தூக்கி ஒரு பெஞ்சில் கிடத்தி, கையில் ஒரு சோடாவைக் கொடுத்தார்கள். ஆட்டம் தொடர்ந்தது.

மூன்று வாரம் கழித்து, விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்கான தேர்வு இருந்தது. செல்வியால் எழுந்து நிற்கவே முடியவில்லை. ஆறு மாதம் பாயில் கிடந்தாள். அணியிலிருந்தோ போட்டி நடத்தியவர்களிடமிருந்தோ ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கால் வலியை அவள் பிற்பாடு மறந்துவிட்டாள். யாரும் வராத அந்த ஆறு மாதத்தை மறக்கவில்லை.

கிளினிக்கில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குத்தான் முதலில் சேர்ந்தாள். பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள், பிறகு ஒரு சான்றிதழ்ப் படிப்பும் முடித்தாள். ஒருநாள் சீனுவாசன் என்கிற ஆட்டக்காரர், கணுக்கால் உடைந்து, மனைவி ஓட்டிய மொபெட்டில் வந்தார். மூன்று நாள் வந்தார். நான்காம் நாள் வரவில்லை. வேலை முடிந்ததும் செல்வி பஸ் பிடித்து அவர் வீட்டுக்கே போனாள். "அவரைக் கூட்டிக்கினு வந்தா எனக்குக் கூலி போயிடுதும்மா. வூட்ல அடுப்பு எரியணுமே" என்றாள் அந்த மனைவி.

செல்வி அன்றே தேவநாதனுக்கு போன் செய்தாள். அவர் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். முப்பது வருடம் கபடி நடுவராக நின்றவர். இருவரும் பழைய ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்து ஒன்பது பேரைச் சேர்த்தார்கள். அப்படித்தான் 'நடுக்கோடு அறக்கட்டளை' தொடங்கியது. நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் ரைடர் பிழைத்தார் என்று அர்த்தம். அதனால் அந்தப் பெயர்.

எட்டு வருடத்தில் எண்பது குடும்பங்களுக்கு மேல் அது கை கொடுத்துவிட்டது. அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது, அவர் எழுந்து நடக்கும்வரை வீட்டுக்கு அரிசி பருப்பு போடுவது, இறந்துபோன ஆட்டக்காரரின் மனைவிக்கு உதவித்தொகை விண்ணப்பம் எழுதிக் கொடுத்து அலுவலகத்துக்கு உடன் போவது, இதெல்லாம் அதன் வேலை. ஊர்ப் போட்டிகளில் செல்வி ஐஸ் பெட்டியோடு மைதான ஓரத்தில் நிற்பாள். ஒருமுறை ஒரு விழாக்குழுத் தலைவர் பதறிக்கொண்டு வந்தார்.

"மேடம், சீஃப் கெஸ்ட் வந்து உக்காந்துக்கினு இருக்காரு. ஜல்தியா ஆரம்பிக்கணும்."

"ஆம்புலன்ஸ் வரட்டும் சார். சீஃப் கெஸ்ட் காலு உடையப் போறதில்ல" என்றாள் செல்வி.

ஆம்புலன்ஸ் வந்த பிறகுதான் விசில் ஊதினார்கள்.

அறக்கட்டளையின் நோட்டில் முதல் பக்கத்தில் ஒரே ஒரு விதி எழுதியிருக்கிறது: எந்த டீம், எந்த ஊர் என்று கேட்கக் கூடாது. அதை எழுத வேண்டும் என்று அடம் பிடித்தவள் செல்விதான். இங்கே டீம் என்பது ஊர், ஊர் என்பது தெரு, தெரு என்றால் யார் என்னவென்று எல்லாம் வந்துவிடும். ஒன்று கேட்டால் மற்றதையும் கேட்டதாகிவிடும்.

போன ஆடி மாதம் தேவநாதன் கிளினிக்குக்கு வந்தார். வழக்கமாக வாசலிலேயே சத்தமாகப் பேச ஆரம்பிக்கிறவர், அன்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நம்ம டிரஸ்ட் லிஸ்ட்ல ஒரு பேரு வந்திருக்கு செல்வி. கூட்டேரிப்பட்டு. ரோட்டைக் கடக்கும்போது கார் இடிச்சு இடுப்பெலும்பு போயிடுச்சு. ஆபரேஷன் ஆயி நாலு மாசம். இன்னும் எழுந்திருக்கல."

"ஆட்டக்காரங்களா சார்?"

"உனக்குத் தெரிஞ்சவதாம்மா. கெங்கா."

செல்வி கையிலிருந்த துண்டை மடித்தாள். மறுபடி பிரித்து மடித்தாள். அன்றைக்கு விழுப்புரத்தில் விசிலோடு நின்ற நடுவர் இவர்தான் என்பது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"நான் வேணா போய்ப் பாக்கட்டுமா?" என்றார் அவர்.

"சொல்றேன் சார்."

ஒன்பது நாள் அவள் சொல்லவில்லை. நோட்டின் முதல் பக்கத்தைத் திறக்காமல் நேராக நடுப்பக்கத்தைத் திறந்து வேலை பார்த்தாள். வீட்டில் குழம்பில் உப்பு கூடியது, குறைந்தது. எது சொன்னாலும் எரிந்து விழுந்தாள். கடைசியில் வேன் ஓட்டுகிற அவள் கணவன் துரைக்கண்ணு பொறுமை இழந்தான்.

"போவணும்னா சொல்லு, வேன்ல கொண்டாந்து வுடறேன். வாணாம்னா சாரைப் போவச் சொல்லு. நடுவுல நின்னுக்கினு எங்களப் போட்டு பேஜாரு பண்ணாத."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் செல்வி வேனில் ஏறி உட்கார்ந்தாள்.

கெங்காவின் வீடு நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே இரண்டாவது தெரு. கணவர் இறந்து ஆறு வருடமாகிறது. கூட்டுரோட்டில் கொய்யாப்பழக் கடை போட்டுத்தான் மாமியாரையும் மகள் மலர்விழியையும் காப்பாற்றி வந்தாள். இப்போது கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டு மலர்விழிதான் கடையில் நிற்கிறாள். இதையெல்லாம் மாமியார் வாசலிலேயே நின்று சொன்னார். பிறகு செல்வியின் ஊரைக் கேட்டார். ஊரைச் சொன்னதும் தெருவைக் கேட்டார். அதையும் சொன்னாள்.

உள்ளே கட்டிலில் கெங்கா கிடந்தாள். மைதானத்தில் தூண் மாதிரி நின்ற உடம்பு பாதியாகியிருந்தது. மாமியார் தண்ணீர் கொண்டுவந்தார், தூக்கிப்போடுகிற பிளாஸ்டிக் கப்பில்.

கெங்கா அதைப் பார்த்தாள். "அத்தே, வூட்ல எவர்சில்வர் டம்ளர் ஒண்ணுகூட இல்லியா?"

"கழுவாம கிடக்குது..."

"கழுவிக் கொண்டாங்க. அவங்க இருப்பாங்க."

டம்ளரில் தண்ணீர் வந்தது. செல்வி வாங்கிக் குடித்தாள். மாமியார் பின்கட்டுக்குப் போய்விட்டார்.

"நீ வர மாட்டேன்னு நெனச்சேன்" என்றாள் கெங்கா.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

"என்னா கேக்கணுமோ கேட்டுடு செல்வி. இருபது வருஷமா கேக்காம இருக்கிற."

செல்வி கேட்டாள். "கட்டு போட்ட காலுன்னு தெரிஞ்சுதான் புடிச்சியா?"

"தெரிஞ்சுதான் புடிச்சேன்" என்றாள் கெங்கா. "ஒரு காலு வீக்கா இருந்தா அந்தக் காலத்தான் புடிக்கணும். அதான் ஆட்டம். ஆனா அது அறுந்து போவும்னு நெனக்கல. அப்புறம் உன்னை வந்து பாக்கணும்னு கெளம்பினேன். எங்கப்பா அந்தத் தெருவுக்குப் போகக் கூடாதுன்னுட்டாரு. நானும் போகல. அதுதான் தப்பு. கால் புடிச்சது தப்பில்ல."

வெளியே லாரிகள் போகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கெங்கா மன்னிப்புக் கேட்டு அழுவாள், நாமும் பெரிய மனசோடு பரவாயில்லை என்று சொல்லலாம் என ஒன்பது நாளும் செல்வி மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். இந்தப் பதிலுக்கு அவளிடம் ஒத்திகை இல்லை. ஆனால் கேட்டதும் நெஞ்சிலிருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஆட்டத்தை ஆட்டமாகச் சொல்கிற ஆளிடம் பொய் இருக்காது.

"எனக்கும் அப்படி ஒரு காலு கெடச்சிருந்தா, நானும் அதைத்தான் அடிச்சிருப்பேன்" என்றாள் செல்வி. "சரி, எக்ஸ்ரேவை எடு."

படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, போனில் எடுத்து டாக்டருக்கு அனுப்பினாள். பதில் உடனே வந்தது. எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது, எழுப்பலாம். வீட்டுக்கு வந்த பிறகு பயிற்சி தர ஆள் இல்லாமல் தொடை வற்றிப்போயிருந்தது, அவ்வளவுதான்.

"எலும்பு ரெடி. உனக்குத்தான் பயம்" என்றாள் செல்வி.

"எனக்கா பயம்?"

"பின்ன? நாலு மாசமா படுத்துக்கினு இருக்கிறியே."

"தருமம் பண்ண வந்தியா, திட்ட வந்தியா?"

"ரெண்டும்தான். செவ்வாய்க்கெழமை வர்றேன். வலி மாத்திரை போட்டுக்கினு இரு."

வாரத்தில் மூன்று நாள் கிளினிக் முடிந்ததும் செல்வி கூட்டேரிப்பட்டுக்குப் பஸ் ஏறினாள். முதலில் படுத்தபடியே தொடையை இறுக்குவது. பிறகு கட்டில் விளிம்பில் உட்காருவது. கெங்கா திட்டினாள். செல்வியின் பரம்பரையையே இழுத்துத் திட்டினாள். செல்வி எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. மூன்றாவது வாரம் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்தபோது கெங்கா முகம் வியர்த்து, பல் கடித்து, கண்ணை மூடி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். செல்வி காதைக் கிட்டே கொண்டுபோனாள். "கபடி கபடி கபடி" என்றிருந்தது அது. செல்விக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. கெங்காவும் சிரித்து, சிரித்ததில் வலித்து, மறுபடி திட்டினாள். ஆனால் நின்றுகொண்டிருந்தாள்.

மலர்விழியின் விஷயத்தில் செல்வி யாரிடமும் யோசனை கேட்கவில்லை. அறக்கட்டளையின் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி போட்டாள்: கூட்டேரிப்பட்டில் ஒரு கொய்யாக் கடைக்கு முறை வைத்து ஆள் வேண்டும். மயிலம், கூட்டேரிப்பட்டுப் பக்கத்துப் பெண்கள் அணிகள் இரண்டும் அந்தக் கடையைப் பங்கு போட்டுக்கொண்டன. ஒன்றையொன்று தோற்கடிக்கவே பிறந்த அணிகள் அவை. எந்த அணி அதிகம் விற்கிறது என்பதிலும் போட்டி வந்துவிட்டது. கல்லூரியில் முதல்வரைப் பார்த்துப் பேசத் தேவநாதன் போனார். புரட்டாசி முடிவதற்குள் மலர்விழி மறுபடி வகுப்பில் இருந்தாள்.

கார்த்திகையில் கெங்கா ஒரு கோலை ஊன்றிக்கொண்டு தெருமுனை வரை நடந்தாள். தையில் கடையில் உட்கார்ந்தாள். மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த அம்மா பெரிதாக எதுவும் பேசவில்லை. ஆனால் செல்வி வருகிற நாளில் கேப்பை அடை சுட்டு, மூடி வைத்திருப்பார். சூடாக இருக்கும்போதே சாப்பிடச் சொல்வார். அவ்வளவுதான். செல்விக்கு அது போதுமாக இருந்தது.

மாசி மாதம் குயிலாப்பாளையத்திலிருந்து ஒரு பெயர் வந்தது. அமலா, இருபத்திரண்டு வயது. ஆரோவில்லில் ஒரு விருந்தினர் இல்லத்தில் அறை சுத்தம் செய்கிறவள். ஆட்டத்தில் தோள்பட்டை இறங்கிவிட்டது. சிகிச்சைக்கு லீவு கேட்டால் வேலை போய்விடும் என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் ஒரு கையாலேயே படுக்கை விரித்துக்கொண்டிருந்தாள். தேவநாதன் இரண்டு தடவை போய்ப் பேசியும் கதவைப் பாதிக்குமேல் அவள் திறக்கவில்லை.

"நான் வர்றேன்" என்றாள் கெங்கா. "சாரு தன்மையாப் பேசியிருப்பாரு. அது வேலைக்காகாது."

செல்வியும் கெங்காவும் துரைக்கண்ணுவின் வேனில் போனார்கள். அமலா வழக்கம்போலக் கதவைப் பாதி திறந்தாள். கெங்கா கோலை உள்ளே நீட்டி, பின்னாலேயே நுழைந்து, கேட்காமலே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கையைத் தூக்கு பாக்கலாம்."

அமலா தூக்கினாள். தோளுக்குமேல் போகவில்லை.

"இப்படியே வுட்டா அடுத்த வருஷம் தலை வாரக்கூட முடியாது. நாலு மாசம் படுத்துக்கினு கெடந்தவ சொல்றேன். லீவுக்கு உன் மேனேஜர்கிட்ட இந்த அக்கா பேசுவாங்க. அவங்க பேசினா ஆம்புலன்ஸே வந்து நிக்கும், லீவு வராதா? நீ நாளைக்கு மொத பஸ்ல திண்டிவனம் கிளினிக்குக்கு வரணும். என்னா?"

அமலா செல்வியைப் பார்த்தாள். செல்வி ஏற்கெனவே போனை எடுத்து, மேனேஜரின் நம்பரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறு வாரம் லீவும், திரும்பி வந்தால் அதே வேலையும் உறுதியாவதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் காலை செல்வி ஷட்டரைத் தூக்கும்போது அமலா படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கெங்கா ஒரு கொய்யாவை நறுக்கி, மிளகாய்ப்பொடி தூவி, அவளுடைய நல்ல கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.