நாற்பத்தெட்டு நிமிடம், கேட்டபடி

பிழை தொடங்கியது பிற்பகல் மூன்று மணி ஏழு நிமிடத்துக்கு. அப்போதுதான் மடிக்கணினியில் அந்தப் பொத்தானை அழுத்தினேன். இப்போதும் கடிகாரம் மூன்று ஏழு காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

மகள் இசைக் கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்தாள். அவள் பாடிய அம்மன் பாட்டின் பதிவு நான்கு மணிக்குள் இணையத்தில் ஏறாவிட்டால் இந்த வருடம் இடமில்லை. பெரிய கோப்பு, எம்பி3 ஆகச் சுருக்கித்தான் அனுப்ப வேண்டும். அவள் மட்டக்களப்பு டவுனுக்கு வகுப்புக்குப் போகும்போது அந்த வேலையை என்னிடம் தந்துவிட்டுப் போனாள்.

மென்பொருள் இரண்டு வழி காட்டியது. ஒன்று, பாட்டை ஒலிக்கவிடாமல் ஒரே நிமிடத்தில் சுருக்குவது. மற்றது, முழுப் பாட்டையும் ஒலிக்கவிட்டபடி சுருக்குவது. பாட்டின் நீளம் நாற்பத்தெட்டு நிமிடம். அதை ஒரு நிமிடத்தில் சுருக்கினால் நடுவில் எத்தனை வரியை விழுங்குமோ? காதால் கேட்டால்தான் எனக்கு நம்பிக்கை. இரண்டாவதையே தேர்ந்தேன். முடிந்த பிறகும் ஐந்து நிமிடம் மிச்சமிருக்குமே.

பாட்டுக் கேட்டதும் மனைவி அடுக்களையிலிருந்து வந்து விளக்கேற்றினாள். பக்கத்து வீட்டு அக்காவும் வந்தார். பத்தாவது நிமிடம் இருவரும் சேர்ந்து குரவையிட்டார்கள். திரையில் ஒலிக்கோடு துள்ளியது. அப்போதுதான் கண்டேன்: மகள் பாடிய மைக் இன்னும் செருகியபடி இருந்தது. வீட்டுச் சத்தமெல்லாம் கோப்புக்குள் போய்க்கொண்டிருந்தது.

நிறுத்தக் கை நீட்டினேன்.

"கைய எடுங்க!" என்றாள் மனைவி. "அம்மன்ட பாட்ட இடையில நிப்பாட்டப்படா எண்டு தெரியாதா?"

"இது கோயில் இல்ல, கொம்பியூட்டர்."

"அது அம்மனுக்குத் தெரியுமா?"

"தம்பி, ஊருக்கு ஏதும் வந்தா நீங்கதான் பொறுப்பு," என்றார் அக்கா.

அதுவும் பதிவாகியது. நான் படித்தவன்தான். ஆனாலும் அந்தப் பொத்தானில் விரல் வைக்க எனக்கும் துணிவு வரவில்லை.

மூன்று ஐம்பத்தைந்துக்குப் பாட்டு முடிந்தது. போட்டுப் பார்த்தேன். மகளின் குரலுக்கு நடுவே அக்கா என்னை எச்சரித்துக்கொண்டிருந்தார். இன்னொரு நாற்பத்தெட்டு நிமிடத்துக்கு எங்கே போவது? ஒரு நிமிட வழியை அழுத்தப் போனால், அவசரத்தில் மவுஸ் அம்பு திரையெங்கும் ஓடியது.

அப்போது மகள் செருப்போடு உள்ளே ஓடிவந்தாள். மைக்கைப் பிடுங்கினாள். ஒரு நிமிட வழியை அழுத்தினாள். மூன்று ஐம்பத்தொன்பதுக்குக் கோப்பு ஏறிவிட்டது.

மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்தாள்.

"நான் பாடக்குள்ள ஒரு நாளும் முழுசா இருந்து கேக்கல்லயே அப்பா, இண்டைக்குத்தானா உங்களுக்கு நேரம் கிடைச்சது?"