கால் எடுத்து வைக்காத அவுதக்குட்டி

அவுதக்குட்டிக்கு எழுபத்தாறு வயது. அதில் ஐம்பத்தொரு வருஷம் வள்ளத்தின் பின்முனையில் நின்றே கழிந்தது. குட்டநாட்டுக் காயலில் அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆள் ஏற்றிப் பிழைத்தவர். இரண்டு மைல் தள்ளிப் பாலம் வந்ததும் தொழில் போயிற்று, வள்ளம் போகவில்லை. மனைவி ஏலியாம்மா இறந்த பிறகு நாலு வருஷமாகத் தனியாகவே இருந்தார். மீன் பிடிப்பார், மரவள்ளிக்கிழங்கு அவிப்பார், யாருக்கும் ஒரு தொந்தரவு கிடையாது.

ஆஸ்திரேலியாவில் இருந்த மகன் சாபுவுக்குத்தான் அது பொறுக்கவில்லை. சுற்றிலும் தண்ணீர், விழுந்தால் யார் தூக்குவது, முதியோர் இல்லத்துக்குப் போய்விடுங்கள் என்று வாராவாரம் போனில் நச்சரித்தான். செத்தால்தான் இந்த வீட்டை விட்டுப் போவேன் என்று இவரும் வாராவாரம் சொல்லிவந்தார்.

அப்போதுதான் ஜிஷா வந்தாள். பிசியோதெரபி படித்தவள். பன்னிரண்டு வருஷம் இவர் வள்ளத்தில்தான் பள்ளிக்கூடம் போனாள். வயதானவர்களுக்கெல்லாம் பஞ்சாயத்தில் சோதனை நடக்கிறது என்று அவள் போனில் சொன்னபோது சந்தேகப்பட இவருக்கு என்ன இருக்கிறது? தானே எதிர்த்துறைக்குப் போய், நின்றபடி கழி ஊன்றி, அவளைக் கூட்டிவந்தார்.

நேரம் பார்க்க என்று சொல்லிப் போனை ஜன்னல் கம்பியில் சாத்தி வைத்தாள். நாற்காலியிலிருந்து எழுந்து நடந்துவிட்டு வந்து உட்காரச் சொன்னாள். ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னாள். அதிலெல்லாம் மனிதர் சூரன். இதற்கா இத்தனை வருஷம் படித்தாய் என்று அவளைக் கேலி பண்ணினார்.

"கடைசியா ஒண்ணு அச்சாயா. பின்னால என் கை மேல நல்லா சாஞ்சுக்குங்க. திடீர்னு கையை எடுத்துருவேன். விழாம சமாளிக்கணும், அவ்வளவுதான்."

சாய்ந்தார். வேறு யாராக இருந்தாலும் பாதி பாரத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருப்பார். இவளிடம் முழுதும் கொடுத்தார். அவள் கையை எடுத்தாள்.

நம்மைப் போன்றவர்கள் பின்னால் இரண்டு எட்டு வைத்து நின்றுவிடுவோம். வள்ளக்காரன் வைக்கமாட்டான், அவனுக்குப் பின்னால் இருப்பது தண்ணீர். அவுதக்குட்டியின் பாதம் அசையவில்லை. முழங்கால் மடங்கியது, இருந்த இடத்திலேயே குந்திவிட்டார், இரண்டு கையும் பக்கவாட்டில் வள்ளத்தின் விளிம்பைத் தேடித் தரையில் ஊன்றின. வள்ளம் ஆடும்போதெல்லாம் ஆயுசு பூராவும் செய்தது இதைத்தான். ஒரு கீறல் இல்லாமல் சிரித்துக்கொண்டே எழுந்தார்.

ஜிஷா சிரிக்கவில்லை. கொண்டுவந்திருந்த சோதனைப் படிவத்தில் நாலு என்று எழுதினாள்.

"நாலுன்னா நல்லதா மோளே?"

"ஒரு எட்டுகூட எடுத்து வைக்காம விழுந்துட்டீங்கன்னு அர்த்தம். அதைவிட மோசம் கிடையாது."

அப்போது ஜன்னலிலிருந்து சாபுவின் குரல் கேட்டது. முதலிலிருந்தே போனில் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான் பாவி.

"பாத்தீங்களா அப்பச்சா? இனிமே என்ன சொல்லப் போறீங்க? இல்லத்துல ரூம் சொல்லி வச்சாச்சு. திங்கக்கிழமை துறைக்கு வண்டி வரும்."

பஞ்சாயத்தும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவுதக்குட்டி போனை விட்டுவிட்டு ஜிஷா பக்கம் திரும்பினார். மகன் எங்கோ இருக்கிறான், தண்ணீரை மறந்துவிட்டான். இவள் எப்படி மறந்தாள்?

"பின்னால கால் வச்சிருந்தா நான் எங்க போயிருப்பேன்னு உனக்குமா தெரியாது?"

தெரியும் என்றாள் தலை குனிந்தபடி. படிவத்தில் அதை எழுத இடமில்லை என்றாள். சாபுச்சேட்டன் ரொம்பக் கெஞ்சினார் என்றும் சொன்னாள்.

அவளைத் திரும்பக் கொண்டுபோய் விடவும் அவர்தான் வேண்டியிருந்தது. காயல் முழுக்க நின்றபடியே கழி ஊன்றினார். துறையில் இறங்கும்போது ஜிஷா அவசரத்தில் விளிம்பை மிதித்துவிட்டாள். வள்ளம் சாய்ந்தது. அவர் பாதம் அசையாமல் முழங்காலை மடக்கிக் குந்தினார், வள்ளம் அடங்கியது. அவள் மணிக்கட்டு அவர் கையில் இருந்தது.

"பயப்படாத. நான் பிடிச்சா விடமாட்டேன்."

அவளைக் கரையில் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். அவள் பையில் இருந்த படிவத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படவில்லை.