வண்டிப்பாதையில் தண்ணீர் வந்த புதன்கிழமை

பொங்கல் முடிந்த வாரம் பள்ளிக்கு இரண்டு நாள் விடுப்புப் போட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை காலை காட்பாடியிலிருந்து கிளம்பினேன். திருப்பதி வழியாகப் போகிறேன் என்றதும் ஆசிரியர் அறையில் எல்லோரும் "பெருமாளுக்கா?" என்றார்கள். இல்லை, ஒரு கேஸ் குழாய்க்கு என்றேன். யாரும் நம்பவில்லை. ஒருத்தர் இரண்டு லட்டு வேறு சொல்லி அனுப்பினார்.

விஷயம் இதுதான். வரதய்யபாளையத்திலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே ஒரு ஊர். பெயர் வேண்டாம், ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டார்கள். அங்கே செல்வி என்று எனக்கு ஒரு தோழி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் புத்தூர் பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பழக்கமானவள். அந்த ஊர் ஏரிக்கு அவள்தான் நீர்கட்டி. அதாவது எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்று பார்த்து மதகைத் திறப்பவள், மூடுபவள். அவளுடைய நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, பிறகு மதகைத் தூக்கும் கம்பி அவள் கைக்கு வந்தது. நீர்கட்டியாக இருப்பவருக்கு அந்த ஏரிப் பாசனத்தில் சொந்த நிலம் இருக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். தனக்கென்று தண்ணீர் தேவைப்படாதவர்தான் பாரபட்சம் இல்லாமல் பங்கு வைப்பார் என்ற கணக்கு. செல்விக்குச் சர்க்கார் பட்டாவில் கிடைத்த ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பும் பாசனத்துக்கு வெளியே, மேட்டில்தான் இருக்கிறது.

அந்த மேட்டின் வழியாகத்தான் இரண்டாவது எரிவாயுக் குழாய் வரப்போகிறதாம். முதல் குழாய் ஏற்கெனவே நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் புதைந்து கிடக்கிறது. புதியது அதைவிடப் பெரியது, குறுக்கு வழியில் வருகிறது. குழாய் போன இடத்தில் நிலம் உங்களுடையதுதான், ஆனால் மரம் வைக்கக் கூடாது. மாந்தோப்புக்காரியிடம் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு மக்கள் கருத்துக் கேட்பு என்று அறிவிப்பு வந்ததும் எனக்கு போன் செய்தாள்.

"அக்கா, தெலுங்குல நாலு பக்கம் சுருக்கம் குட்து, இங்கிலீஷ்ல முந்நூறு பக்கம் ரிப்போர்ட் வெச்சிக்கீறாங்கோ. நாலு பக்கத்துல ஒண்ணும் இல்ல. இருக்கிறதெல்லாம் அந்த முந்நூறுலதான் கீது. நீ வந்து படிச்சி சொல்லுக்கா."

இயற்பியல் டீச்சருக்கு இதைவிட என்ன அழைப்பு வேண்டும்.

காட்பாடியில் காலை 5.40 பஸ். சித்தூர் 35 கிலோமீட்டர், நான் கொடுத்தது 45 ரூபாய், 6.50க்கு இறங்கிவிட்டேன். பஸ் நிலையத்துக்கு எதிரே இட்லி நன்றாக இருக்கும், சட்னியில் காரம் ஆந்திரக் காரம், ஜாக்கிரதை. அங்கே செல்வியின் தம்பி முனிரத்தினம் காத்திருந்தான். மாங்கூழ் ஆலை ஒன்றில் பாய்லர் பார்ப்பவன். சீசன் இல்லாத மாதம் என்பதால் பாய்லரைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவன், கூட்டத்துக்காக லீவு போட்டு ஊருக்குக் கிளம்பியிருந்தான். நானும் அவனும் 7.45 திருப்பதி எக்ஸ்பிரஸில் ஏறினோம். 70 கிலோமீட்டர், 120 ரூபாய். ஆந்திராவில் பெண்களுக்குப் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று நம்பி ஏறும் தமிழ்நாட்டுச் சகோதரிகளே, ஆதாரில் ஆந்திர முகவரி இருந்தால்தான் அந்தச் சலுகை. என் ஆதாரைப் பார்த்து கண்டக்டர் சிரித்த சிரிப்பு இன்னும் எரிகிறது.

வழியெல்லாம் மாந்தோப்பு. பூ விட்டிருக்க வேண்டிய மாதத்தில் பாதி மரங்கள் வெறும் இலையோடு நின்றன. குளிர் சரியாக விழவில்லை, அதனால்தான் என்றான் முனிரத்தினம். ஆனாலும் அவன் குழாயின் கட்சி.

"டீச்சர், சீசன்ல ஒரு நாள் வந்து பாய்லர் முன்னால நில்லுங்கோ. விறகு போட்டுப் போட்டு நெஞ்செல்லாம் பொகை. கேஸ் வந்தா திருகி விட்டா போதும்னு சொல்றாங்கோ."

"அதுவும் எரிக்கிற சரக்குதானே தம்பி? இவ்வளவு செலவு பண்ணிக் குழாயைப் புதைச்சா, போட்ட பணத்துக்காகவே முப்பது வருஷம் அதை எரிச்சுக்கிட்டு இருப்பாங்க. அப்புறம் குளிர் எங்கேயிருந்து வரும், பூ எங்கேயிருந்து வரும்?"

"அப்போ வெயில்ல வெச்சி மாங்கூழ் காய்ச்சலாமா?"

வகுப்பில் சூரிய ஆற்றல் பாடம் நடத்துவது சுலபம், புகையில் நிற்பவனுக்குப் பதில் சொல்வது சுலபமில்லை. திருப்பதி போய்ச் சேரும்வரை மாற்று என்ன என்று யோசித்து, நாலைந்து சொன்னேன். அவன் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "எங்க மொதலாளி இதெல்லாம் ஒத்துக்கினு வாங்குவாரா?" என்று ஒரே கேள்வியில் முடித்தான்.

திருப்பதியில் அவன் ஊர் பஸ்ஸைப் பிடித்தான். நான் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் 900 ரூபாய்க்கு ஒரு அறை எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு, செல்வி போனில் அனுப்பியிருந்த முந்நூறு பக்கத்தைத் திறந்தேன். கோவிந்தராஜர் கோபுரம் ஜன்னலிலேயே தெரிந்தது, அங்கிருந்தே கும்பிட்டேன். மாலைக்குள் வில்லங்கம் எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன். ஏரியிலிருந்து கடைசி வயல்களுக்குப் போகும் கடைமடைக் கால்வாய், முன்பு செல்வி கூட்டிப்போய்க் காட்டியது, வரைபடத்திலேயே இல்லை. குழாய் அதைக் கடக்கும் இடத்தில் "வண்டிப்பாதை" என்று போட்டிருந்தது. பாதை என்றால் தோண்டி, குழாயை வைத்து, மூடிவிடலாம். கால்வாய் என்றால் வேறு விதிகள், வேறு அனுமதிகள்.

புதன் காலை 6.30க்கு வரதய்யபாளையம் பஸ், காளஹஸ்தி வழி, 110 ரூபாய், 8.45க்கு இறக்கிவிட்டது. அங்கிருந்து ஆட்டோ 150. செல்வியிடம் வரைபடத்தைக் காட்டி, பெரிய துப்பு துலக்கிவிட்ட பெருமையோடு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் முகம் செத்துப்போய்விட்டது.

"நான் சொன்னதுதான்க்கா அது."

மே மாதம் அளவெடுக்க வந்தவர்கள் அவளிடம் இது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். மே மாதத்தில் கால்வாய் காய்ந்து கிடக்கும். ஊரே அதில்தான் டிராக்டர் ஓட்டி மாங்காய் ஏற்றும். அந்த நேரம் அதற்கு ஊரில் வேறு பெயரே கிடையாது. "பண்டி பாட்ட" என்று, அதாவது வண்டிப்பாதை என்று, தெலுங்கில் பதில் சொல்லி, நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டிருக்கிறாள். தண்ணீர் ஓடும் நாளில் கேட்டிருந்தால் கால்வாய் என்றிருப்பாள். எனக்கு அவள் மேல் கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். அடுத்த நிமிஷம் மே மாதம் பார்த்து அளவெடுக்க வந்தவர்கள் மேல் வந்தது.

பள்ளி மைதானத்தில் பந்தல், மேடையில் கூட்டம் நடத்தும் அதிகாரி அம்மா. நானூறு பேராவது இருக்கும். முதலில் கட்சிக்காரர்கள். ஆளுங்கட்சிப் பிரமுகர், குழாய் வந்தால் வேலை வரும், கூட வராதது சந்திரன் மட்டும்தான் என்கிற அளவுக்குப் பேசினார். எதிர்க்கட்சிப் பிரமுகர் பூமி சூடாகிறது என்று கண்கலங்கினார். முதல் குழாய்க்குப் பூஜை போட்டதே அவர்தான் என்று பின்வரிசையில் ஒருவர் சத்தமாக ஞாபகப்படுத்தினார்.

முனிரத்தினம் எழுந்தான். "எனக்கு கேஸ் வேணும் மேடம், பொய் சொல்ல மாட்டேன். ஆனா மரத்தெல்லாம் வெட்டிட்டு, மழையக் கெடுத்துட்டு கேஸ் குட்த்தா, பாய்லர்ல போட்டு இன்னாத்த காய்ச்சறது?" பந்தல் கைதட்டியது. அக்காவின் பக்கம் திரும்பாமலே உட்கார்ந்துகொண்டான்.

செல்வி கால்வாய் பற்றிப் பேச ஆரம்பித்ததும், நிறுவனத்தின் பொறியாளர் அந்தத் தாளை எடுத்துக் கொடுத்தார். கூட்டம் நடத்திய அதிகாரி அம்மா கையெழுத்தைக் காட்டி, "இது நீங்கள் போட்டதுதானே?" என்று கேட்டார்.

"நான் போட்டதுதான். கோடையில அது பாட்ட. இப்ப வந்து பாருங்கோ, கால்வாய்."

"இப்போதும் காய்ந்துதானே கிடக்கிறது?" என்றார் பொறியாளர். அதுவும் நிஜம். மேல்மடை வயல்களுக்குத் தண்ணீர் முறை நடந்துகொண்டிருந்தது. கடைமடை மதகு திறக்க இன்னும் எட்டு நாள் இருந்தது. முறை தவறி மதகைத் திறக்க நீர்கட்டிக்கு அதிகாரம் இல்லை. அன்றைய தண்ணீர் யாருடையதோ அவர் சொல்ல வேண்டும்.

அன்றைய தண்ணீர் தணிகாசலத்துடையது. பெரிய விவசாயி, பந்தலில் முன்வரிசை. குழாய் செல்வியின் மேட்டை விட்டு விலகினால் அடுத்த வழி அவர் தோப்புதான், அதுவும் வரைபடத்தில் இருக்கிறது. அவர் பேசாமல் இருந்தாலே போதும், வேலை முடிந்துவிடும்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "நீர்கட்டி பேச்சு பொய்னு இன்னிக்கு எழுதிக்கினு போய்ட்டா, நாளைக்கு அது பங்கு வெக்கிற தண்ணிய ஊர்ல எவன் ஒத்துக்குவான்? என் மொறைய வுட்டுட்டேன். செல்வி, தொறம்மா."

அதிகாரி அம்மா பேனாவை மூடினார். "பதண்டி, சூஸ்தாம்" என்றார். கிளம்புங்கள், பார்த்துவிடுவோம் என்று அர்த்தம். நானூறு பேரும் எழுந்தோம்.

மதகிலிருந்து குழாய்க்காகச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்த இடம் அறுநூறு மீட்டர் இருக்கும். செல்வி கம்பியைத் தூக்கியது 12.10க்கு. நாங்கள் கோட்டுக்குப் பக்கத்தில் டிராக்டர் தடத்தைப் பார்த்துக்கொண்டு வெயிலில் நின்றோம். பத்து நிமிஷம், ஒன்றுமில்லை. பதினைந்து நிமிஷம், பொறியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் சாமியை வேண்டிக்கொண்டேன், இயற்பியலை ஓரமாக வைத்துவிட்டு. 12.32க்கு வளைவில் சருகு அசைந்தது. பிறகு நுரை. பிறகு தண்ணீர், குப்பை கூளத்தையெல்லாம் தள்ளிக்கொண்டு, போகிற இடம் தெரிந்த மாதிரி நேராக வந்து சுண்ணாம்புக் கோட்டைக் கரைத்துக்கொண்டு தாண்டிப் போனது.

விசில் பறந்தது. முனிரத்தினம் சட்டை பேன்ட்டோடு உள்ளே குதித்தான். நான் தெரியாத பெண்களையெல்லாம் கட்டிக்கொண்டு கத்தினேன், எனக்கு வயது நாற்பத்தாறு. பொறியாளரைக் குறை சொல்ல மாட்டேன். ஷூவைக் கழற்றிவிட்டு இறங்கி, முழங்கால் ஆழத்தில் நின்று தானே படம் எடுத்து அதிகாரியிடம் கொடுத்தார்.

பந்தலுக்குத் திரும்பி, அறிக்கையைச் சத்தமாக வாசித்தார்கள். கால்வாய் இருப்பது நேரில் பார்க்கப்பட்டது. வழித்தடத் திட்டம் மறு ஆய்வுக்குத் திருப்பி அனுப்பப்படுகிறது. இனி அளவீடு மழைக்காலத்திலும் நடக்க வேண்டும். இரண்டாவது குழாய் உண்மையிலேயே தேவையா என்று கூட்டத்தின் நடுவே நான் எழுந்து கேட்ட கேள்வியும் பதிவாகியிருக்கிறது. குழாய் ரத்தாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. தணிகாசலத்தின் தோப்புக்கு ஆபத்து வந்தால் செல்வி போகாமல் இருக்க மாட்டாள், நானும் போவேன். ஆனால் அன்றைக்கு ஜெயித்தோம், முழுசாக ஜெயித்தோம். செல்வி இந்த முறை தாளை மூன்று தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

இந்த மாதிரி கூட்டங்களுக்குப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. முதல் நாளே திருப்பதியில் தங்கிவிடுங்கள், காலை பஸ் நேரத்துக்குக் கிளம்புகிறது. சுருக்கத்தை நம்பாமல் முழு அறிக்கையைக் கேட்டு வாங்கி, வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள். தண்ணீர் பாட்டில், தொப்பி அவசியம். வரதய்யபாளையத்திலிருந்து திரும்பக் கடைசி நல்ல பஸ் 5.15. மாற்று எரிபொருள் பற்றிப் பேசப் போகிறவர்கள், பாய்லர் முன்னால் நிற்பவனுக்கும் ஒரு பதிலைத் தயார் செய்துகொண்டு போங்கள். நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரியில் போனால் தண்ணீரைப் பார்க்கலாம். மே மாதம் போனால் டிராக்டர் தடத்தின் மேல்தான் நடப்பீர்கள். அங்கே யாராவது அளவுகோலோடு வந்து இது என்ன என்று கேட்டால், காலில் புழுதி ஒட்டியிருந்தாலும் பரவாயில்லை, கால்வாய் என்று சொல்லுங்கள்.